ஒரிஜினலா, மறுபதிப்பா? இசைத்தட்டு கேள்வி-பதில்

இந்த இதழில் இசைத்தட்டு சேகரிப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய பதிப்பா புதிய பதிப்பா என்ற வழக்குதான் பெரும்பாலும்.

கேள்வி: ஒரே ஆல்பம். அந்தக் காலத்து முதல் பதிப்பு, இப்போது வந்திருக்கும் மறுபதிப்பைவிட ஆறு மடங்கு விலை. ஒலியில் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா? காசை எதில் போடுவது?

பதில்: ஒரு தட்டின் ஒலியை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், கட்டிங் (டேப்பின் ஒலியை க்ரூவாக, அதாவது ஊசி ஓடும் பள்ளமாக, வெட்டுவது) செய்தவர் யார், எந்த ஆலையில் எவ்வளவு தேய்ந்த ஸ்டாம்பரில் (வினைலை அழுத்தும் உலோக அச்சு) அழுத்தினார்கள், அதற்குப் பிறகு அந்தத் தட்டு எப்படிப்பட்ட ஊசியில் ஓடியது. 'ஒரிஜினல்' என்ற ஒற்றைச் சொல் இந்த நான்கில் ஒன்றுக்கும் முழுசாகப் பதில் சொல்லாது.

முதல் பதிப்புக்கு உள்ள பெரிய பலம் டேப்பின் இளமை. காந்த நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் உச்ச ஸ்தாயி கொஞ்சம் மங்கும். சுருளில் பக்கத்துச் சுற்றின் ஒலி இதில் ஒட்டிக்கொண்டு, பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே அதன் நிழல் லேசாகக் கேட்கும். 1970களின் நடுவிலிருந்து வந்த பல டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டது. அவற்றைச் சுமார் 50 டிகிரியில் பல மணி நேரம் சூடேற்றி, பசை இறுகிய பிறகே ஓட்ட முடியும். சில டேப்புகள் இப்போது இல்லவே இல்லை. 2008 ஜூன் 1 அன்று யுனிவர்சல் ஸ்டூடியோவில் பிடித்த தீயில் மூல டேப்புகள் பல எரிந்துபோயின. மூலமே போன பதிவுக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழைய தட்டு பொக்கிஷம்தான்.

இனி மறுபக்கம். 1960களில் வீட்டு பிளேயர்கள் மலிவானவை. பேஸ் அதிகம் இருந்தால் ஊசி தாவும், தட்டு கடைக்குத் திரும்பி வரும். அதற்குப் பயந்தே பல கட்டிங்குகளில் பேஸைக் குறைத்தார்கள். இன்றைய மறுபதிப்பில் அந்தப் பயம் இல்லாததால், டேப்பில் இருந்த பேஸ் முழுசாக வருவது உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடியில் வினைல் தட்டுப்பாடு வந்தபோது, விற்காத பழைய தட்டுகளை அரைத்துப் புதுக் குழம்பில் கலந்தார்கள். அப்படிக் கலந்த தட்டுகளின் இரைச்சல் எவ்வளவு கழுவினாலும் போகாது. எல்லாவற்றையும்விட முக்கியம் தேய்மானம். 5 கிராமுக்கு மேல் அழுத்தும் பழைய செராமிக் கார்ட்ரிட்ஜில் (ஊசியைப் பிடித்திருக்கும் பகுதி) நூறு முறை ஓடிய தட்டு முதல் பதிப்பாக இருந்தாலும், வயலினும் சிம்பலும் கரகரவென்றுதான் வரும்.

இன்னொன்று, ஊர் மாறினால் டேப்பும் மாறும். பிரிட்டனில் பதிவான ஆல்பத்தை அமெரிக்காவில் அழுத்தும்போது பெரும்பாலும் டேப்பின் நகலைத்தான் அனுப்பினார்கள். அதே வருடம், அதே அட்டை, ஆனால் ஒரு தலைமுறை தள்ளிய ஒலி. பதிவான நாட்டிலேயே அழுத்திய பதிப்பைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் வாங்குவது பெரும்பாலும் மூன்றாவது வகை: அதே கட்டிங்கிலிருந்து இரண்டு மூன்று வருடம் கழித்து அழுத்திய தட்டு. லேபிளின் நிறமோ முகவரியோ மாறியிருக்கும், உலோக அச்சு பழையதேதான். விலை மட்டும் பாதிக்குக் கீழே. ஆறு மடங்கு கொடுப்பதென்றால் தட்டின் தரம் குறைந்தது விஜி ப்ளஸ் (பழைய தட்டுகளின் தர வரிசையில் 'வெரி குட் ப்ளஸ்') இருக்க வேண்டும், கேட்டுப் பார்த்துத் திருப்பித்தரவும் வழி இருக்க வேண்டும். வெறும் விஜி தரத்துக்கு அந்த விலை வேண்டாம், மறுபதிப்பையே வாங்குங்கள்.

கேள்வி: அட்டையில் 1967 என்று அச்சாகியிருக்கிறது. அப்படியானால் அது முதல் பதிப்புதானே?

பதில்: அது உரிமை வருடம். எத்தனை முறை மறுபதிப்பு போட்டாலும் அதே 1967தான் வரும். 1967 ஆல்பத்தின் அட்டையில் பார்கோடு இருந்தால் அது 1970களின் கடைசிக்குப் பிறகு அச்சானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நம்ப வேண்டிய இடம் தட்டின் உள்ளே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வினைல் இருக்கும், டெட் வாக்ஸ் என்பார்கள். மேஜை விளக்கைச் சாய்த்து வைத்து, தட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். கீறியோ குத்தியோ எழுதிய எண்கள் வெளிச்சத்தில் பளிச்சிடும்.

பிரிட்டிஷ் ஈ.எம்.ஐ. தட்டுகளில் இது ஒரு முழு ஜாதகம். மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது தட்டின் அந்தப் பக்கத்துக்கான அடையாள எண்ணை, கடிகாரத்தின் 6 மணி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசியில் கோடு போட்டு வரும் 1, 2, 3 என்பது எத்தனையாவது கட்டிங் என்பதைச் சொல்கிறது. 9 மணி இடத்தில் தனியாக நிற்கும் எண் மதர் எனப்படும் உலோகத் தாய் அச்சின் எண். 3 மணி இடத்தில் உள்ள எழுத்துகள் எத்தனையாவது ஸ்டாம்பர் என்பதற்கான சங்கேதம். கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து பத்து ஆங்கில எழுத்துகளை எடுத்து எண்ணாக்கியிருக்கிறார்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. லிமிடெட்டின் சுருக்கத்தில் எல்லுக்குப் பின் வரும் இரண்டு எழுத்துகளில் முன்னது 9, பின்னது 0. ஆக, 'ஆர்ஏ' என்று இருந்தால் அது 23ஆவது ஸ்டாம்பர். எண் சிறியதாக இருந்தால் தட்டு சீக்கிரம் அழுத்தப்பட்டது என்று பொருள். ஆனால் 1 என்ற கட்டிங் நிராகரிக்கப்பட்டு 2தான் முதலில் கடைக்கு வந்ததும் உண்டு. எண்ணை மட்டும் வைத்துப் பந்தயம் கட்ட வேண்டாம். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தின் பதிப்புகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளில் வேறு அடையாளம். 1966 வரை அவற்றை அழுத்தியது ப்ளாஸ்டிலைட் ஆலை. டெட் வாக்ஸில் காது மடல் போல ஒரு சுழி இருக்கும், அந்த ஆலையின் 'பி' எழுத்து அது. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் கட்டிங் செய்ததற்கு 'வான் கெல்டர்' என்ற முத்திரை தனியாக இருக்கும். காது இல்லாமல் வான் கெல்டர் முத்திரை மட்டும் உள்ள தட்டு, 1966க்குப் பிறகு அதே உலோகத்திலிருந்து அழுத்தியது. மேலே மூன்றாவது வகை என்று சொன்னது இப்படிப்பட்ட தட்டைத்தான். சேகரிப்பாளர்கள் காதுக்காகக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் இதை மூன்று நான்கு வாங்கலாம்.

கேள்வி: 180 கிராம் தட்டு என்றால் ஒலி கூடுமா?

பதில்: கூடாது. சாதாரணத் தட்டு 120லிருந்து 140 கிராம். க்ரூவின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அடியில் எவ்வளவு வினைல் இருந்தாலும் அந்த ஆழம் மாறாது. கனமான தட்டு கையில் உறுதியாக இருக்கும், அவ்வளவுதான். தடித்த வினைல் ஆற நேரம் எடுக்கும். ஆலை அவசரப்பட்டால் 180 கிராம் தட்டும் கிண்ணம்போல வளைந்து வரும். தடிமன் மாறுகிறதே, டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) உயரத்தை மாற்ற வேண்டுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் ஊசியின் கோணத்தில் 0.1 டிகிரி அளவே மாற்றும். விட்டுவிடலாம்.

கேள்வி: 'முழு அனலாக்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நடுவில் டிஜிட்டல் நுழைந்தால் தட்டு கெட்டுவிடுமா? அப்படியானால் பழைய ஒரிஜினல்தானே பத்திரம்?

பதில்: பழையது எல்லாமே அனலாக் என்பதே தப்புக் கணக்கு. க்ரூவை வெட்டும் இயந்திரமான கட்டிங் லேத்துக்கு, வரப்போகும் ஒலி எவ்வளவு பெரியது என்று ஒரு சுற்று முன்பே தெரிய வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து க்ரூவுக்கு இடைவெளி விட முடியும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி. இதற்காக டேப் மெஷினில் முன்னோட்டத்துக்கென்று தனி ஹெட் வைத்தார்கள். 1970களின் கடைசியிலிருந்து பல ஸ்டூடியோக்கள் அதை விட்டுவிட்டு டிஜிட்டல் டிலேக்கு மாறின. டேப்பிலிருந்து நேரே வரும் ஒலி லேத்தின் கணிப்புக்குப் போகும், டிஜிட்டலாக மாற்றித் தாமதப்படுத்திய ஒலி ஊசிக்குப் போகும். 1980களின் 'ஒரிஜினல்' தட்டு பலவற்றில் நீங்கள் கேட்பது அந்த டிலே வழியாக வந்த ஒலியை.

2022இல் மறுபதிப்பு நிறுவனமான மொபைல் ஃபிடிலிட்டியின் விவகாரம் வெடித்ததும் இதே இடத்தில்தான். மூல டேப்பிலிருந்து நேரடி அனலாக் கட்டிங் என்று வாங்கியவர்கள் நம்பிக்கொண்டிருந்த தட்டுகள் பலவற்றில், நடுவில் டி.எஸ்.டி. என்ற உயர்தர டிஜிட்டல் வடிவில் ஒரு நகல் இருந்தது தெரியவந்தது. அதுவரை அவற்றின் ஒலியை ஆஹா என்று மெச்சியவர்களில் டிஜிட்டலை அறவே வெறுத்தவர்களும் இருந்தார்கள். நல்ல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த உயர்தர டிஜிட்டல் கோப்பு தட்டைக் கெடுக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூலத்தை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டது வேறு விஷயம், அதை நாங்கள் மன்னிக்கத் தயாரில்லை.

தட்டைக் கெடுப்பது, சத்தத்தை உச்சத்தில் நசுக்கிய சி.டி. மாஸ்டரை (சி.டி.க்கென்று தயாரித்த இறுதிப் பதிவு) அப்படியே லேத்தில் போடுவது. அதனால் 'ரீமாஸ்டர்டு' என்ற சொல்லைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த டேப், யார் கட்டிங் என்று இரண்டும் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டெட் வாக்ஸில் கெவின் கிரே என்றால் 'கேபிஜி', பெர்னி கிரண்ட்மன் என்றால் 'பிஜி', ராபர்ட் லுட்விக் என்றால் 'ஆர்எல்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். கட்டிங் செய்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

கேள்வி: புத்தம் புது மறுபதிப்பு. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிப்பதுபோல் 'சர்ர்' என்கிறது. பியானோ நீண்டு ஒலிக்கும் இடத்தில் சுருதியும் ஆடுகிறது. தட்டா, என் டர்ன்டேபிளா?

பதில்: இரண்டு குறைகள், இரண்டும் தட்டில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீர, நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு தட்டை அதே டோன்ஆர்ம் உயரத்தில், அதே ஊசி அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். அதில் இரண்டும் கேட்கவில்லை என்றால் வழக்கு முடிந்தது.

அந்த 'சர்ர்' சத்தத்துக்குப் பெயர் நான்-ஃபில். அழுத்தும்போது வினைல் போதிய சூட்டில் இல்லாவிட்டாலோ, அச்சை அவசரமாகத் திறந்துவிட்டாலோ, குழம்பு க்ரூவின் மூலைவரை பாயாமல் சுவரில் சிறுசிறு பள்ளம் விழும். க்ரூவின் ஒரு சுவர் ஒரு சேனல் என்பதால் சத்தமும் ஒரு பக்கம் மட்டும் வரும். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் தையல் போட்டதுபோல் சாம்பல் நிறத் திட்டு தெரியும். தூசியோ நிலைமின்சாரமோ என்றால் படபடப்பு இடம் மாறி மாறி வரும், கழுவினால் குறையும். நான்-ஃபில் கழுவினாலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். ஒருமுறை கழுவிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். மாற்றி வரும் தட்டிலும் அதே குறை இருந்தால் அந்த லாட் முழுவதும் அப்படித்தான். மூன்றாவது கேட்காமல் பணத்தைத் திரும்ப வாங்குங்கள்.

சுருதி ஆட்டத்துக்குக் காரணம் நடு ஓட்டை விலகியிருப்பது. தட்டு ஓடும்போது மேலிருந்து ஹெட்ஷெல்லை, அதாவது டோன்ஆர்மின் நுனியை, பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமும் ஊசலாடினால் அதுதான். ஓட்டை அரை மில்லிமீட்டர் விலகினால், மையத்திலிருந்து 60 மில்லிமீட்டரில் இருக்கும் கடைசிப் பாட்டில் சுருதி மேலும் கீழும் 0.8 சதவீதம் போய்வரும். அரை ஸ்வரம் என்பது சுமார் 6 சதவீதம் என்பதால் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 1.8 விநாடிக்கு ஒருமுறை விடாமல் ஆடுவதால் பியானோவில் காது உடனே பிடித்துவிடும், டிரம்ஸில் தெரியவே தெரியாது. விளிம்புப் பக்கப் பாட்டுகளில் இதன் பாதிகூட இருக்காது. ஆகவே கடைசிப் பாட்டைப் போட்டுச் சோதியுங்கள். இந்தக் குறை பழைய தட்டிலும் உண்டு, முதல் பதிப்பு என்பதற்காக ஓட்டை தானாக நடுவுக்கு வந்துவிடாது.

கேள்வி: என் ஒரிஜினல் தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ஷ' கரகரக்கிறது. அதே ஆல்பம் 45 வேகத்தில் இரண்டு தட்டாக வந்திருப்பதில் சுத்தமாக இருக்கிறது. ஒரிஜினல் தேய்ந்துவிட்டதா?

பதில்: தேய்ந்திருக்கலாம், ஆனால் தேயாத தட்டிலும் இது வரும். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் க்ரூவ் ஓடுகிறது, உள்ளே கடைசியில் 21தான். அதே ஒலியை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதினால், வளைவு ஊசி முனையைவிடச் சிறிதாகிவிடும். 45 வேகத்தில் அதே இடத்தில் 28 சென்டிமீட்டர் கிடைக்கிறது. பாட்டுகளும் நான்கு பக்கத்துக்குப் பிரிவதால் உள் விளிம்புவரை போக வேண்டியதே இல்லை. நல்ல மாஸ்டரிலிருந்து வந்த 45 மறுபதிப்பு ஒரிஜினலை நியாயமாகவே வெல்லும் இடம் இது.

ஒரிஜினலைத் தள்ளுவதற்கு முன் கார்ட்ரிட்ஜைச் சரிபாருங்கள். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் பேர்வால்ட் அளவுகோலில், மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 120.9 மில்லிமீட்டர் என இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். உருண்டை முனை ஊசி வைத்திருந்தால் நீள்வட்ட முனைக்கு மாறுங்கள். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. குறைந்த அழுத்தத்தில் ஊசி சுவரைவிட்டு எகிறி எகிறி மோதும், தேய்மானம் அதில்தான் அதிகம். தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியிலேயே வையுங்கள். இத்தனைக்கும் பிறகும் கரகரப்பு இருந்தால், முன்பு வைத்திருந்தவர் தேய்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 1950களின் மோனோ தட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்டீரியோ ஊசியில் இரைச்சலாக இருக்கிறது. ஸ்டீரியோ மறுபதிப்பு வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். மோனோவில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல்-கீழ் அசைவெல்லாம் அழுக்கும் கீறலும்தான், இரண்டு சேனலையும் சேர்த்தால் அது ஒன்றை ஒன்று அடித்துவிடும். பாதி இரைச்சல் அங்கேயே போகும். அந்தக் காலத்து மோனோ க்ரூவ் அகலமானது. இன்றைய 18 மைக்ரான் ஊசி அதில் ஆழமாக இறங்கி அடியில் படிந்த அழுக்கை உரசும், 25 மைக்ரான் மோனோ ஊசி மேலே சரியாக உட்காரும். இப்போது வரும் மோனோ மறுபதிப்புகளுக்கு இந்தப் பெரிய ஊசி தேவையில்லை. அவற்றின் க்ரூவ் பெரும்பாலும் ஸ்டீரியோ லேத்தில் வெட்டியது.

1960களில் மோனோ டேப்பை மின்னணு வித்தையால் இரண்டாகப் பிரித்து 'ஸ்டீரியோ' என்று விற்ற தட்டுகள் ஏராளம். ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் ட்ரெபிள் என்று குரல் குகைக்குள் கேட்கும். அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: 1950களின் ஜாஸ் ஆல்பங்கள் ஐரோப்பாவிலிருந்து புதுப் பெயர் லேபிள்களில் மலிவாக வருகின்றன. திருட்டுப் பதிப்பா?

பதில்: பெரும்பாலும் சட்டப்படிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டு. 2011இல் 70 ஆக நீட்டினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானவை, அதாவது 1963க்கு முன் வெளியானவை, திரும்ப உரிமைக்குள் வரவில்லை. அதனால் அவற்றை யாரும் அழுத்தி விற்கலாம். மூல டேப் மட்டும் பழைய நிறுவனத்தின் அலமாரியிலேயே இருக்கிறது. இவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சி.டி.யையோ வேறொரு தட்டையோதான். அந்த சி.டி.யே உங்களிடம் இருந்தால் இந்தத் தட்டு எதற்கு?

கேள்வி: இணையத்தில் டைனமிக் ரேஞ்ச் எண் (ஒலியின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி) பார்த்தேன். ஒரே ஆல்பம், சி.டி.க்கு 7, தட்டுக்கு 12. தட்டின் மாஸ்டர் வேறு என்று இதை வைத்துச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. ஒரே கோப்பை சி.டி.யாகவும் தட்டாகவும் போட்டாலும், தட்டை ஓட்டி அளந்தால் எண் கூடுதலாகவே வரும். வெட்டும்போதும் ஓட்டும்போதும் அலையின் கட்டம் நகர்ந்து உச்சிகள் உயர்வதால் கணிப்பான் ஏமாறுகிறது. நசுங்கிய ஒலி நசுங்கியபடியேதான் இருக்கும்.

கேள்வி: பழைய தட்டை வீட்டில் கழுவ நம்பகமான முறை?

பதில்: டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையும் நிறமும் இல்லாத நான்-அயானிக் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் பரவ உதவும் சோப்பு போன்ற திரவம்) நான்கைந்து சொட்டு. குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பு க்ரூவில் உறைந்து நிரந்தரப் படபடப்பாகிவிடும். ஈரம் படுவதற்கு முன் கார்பன் பிரஷ்ஷால் மேல்தூசியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி சேறாகி உள்ளே இறங்கும். பக்கத்துக்கு 10 மில்லி ஊற்றி, லேபிளில் படாமல், மென்மையான பிரஷ்ஷால் க்ரூவின் போக்கிலேயே இரண்டு நிமிடம் சுற்றுங்கள். காயவிடாமல் உறிஞ்சி எடுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இந்த அலசலில்தான். சோப்புப் படலம் மிஞ்சினால் பக்கம் முடியும்போது ஊசியில் வெள்ளையாக ஒரு பிசுக்கு சேர்ந்திருக்கும், கடைசிப் பாட்டு மங்கலாக வரும். அப்படி நடந்தால் தட்டைத் திரும்ப அலசினாலே போதும். செங்குத்தாக நிறுத்தி அரை மணி நேரம் உலரவிட்டு, புது உள்ளுறையில் போடுங்கள். பழைய காகித உறைக்குள்ளேயே திரும்ப வைத்தால் கழுவியது வீண்.

78 வேக ஷெல்லாக் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஷெல்லாக் அதில் கரையும்.

கேள்வி: தடித்த, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் பல வருடம் வைத்திருந்த தட்டில் பனிபடர்ந்ததுபோல் மங்கல். கழுவியும் போகவில்லை.

பதில்: அது பி.வி.சி. உறை. அதை வளைய வைக்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து வினைலின் மேற்பரப்பைத் தாக்கியிருக்கிறது. மங்கல் லேசாக இருந்தால் ஒலியில் மெல்லிய உஸ் மட்டும்தான் வரும், ஆனால் அந்தத் தட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. மற்ற தட்டுகளையாவது இன்றே பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். தட்டை உள்ளுறையோடு அட்டைக்கு வெளியே, அதன் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து வெளியுறையில் நுழைத்தால் அட்டையின் ஓரமும் கிழியாது.